புத்திமதியை விட பத்து ரூபாய் பலிக்கும்

அரசும் கடைக்காரர்களும் என்ன செய்தால் மக்கள் வீணாக்காமல் வாங்கிப் பயன்படுத்துவார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால், புத்திமதி வேலைக்கு ஆகாது, காசு பேச வேண்டும்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, 2021 டிசம்பரில் துணிப்பைக்குத் திரும்பச் சொல்லும் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கமும் வந்தது, ஆனால் இங்கே கும்பகோணத்தில் பார்சல் சாம்பாரை இன்னமும் பாலித்தீன் பையில் முடிச்சுப் போட்டுத் தரும் கடைகள் உண்டு (சூடு ஆறுவதற்குள் அந்த முடிச்சை அவிழ்க்கத் தனித் திறமை வேண்டும்). நீலகிரியில் 2022-ல் வேறு வழி பார்த்தார்கள். டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அதைத் தந்துவிடுவது. குடிகாரனுக்கும் அந்தக் கணக்கு புரியும்.

ஓட்டல்காரர்களும் இதையே செய்யலாம். தூக்குவாளி கொண்டு வருபவருக்கு ஐந்து ரூபாய் குறைத்து, அதை பில்லிலும் காட்டட்டும். அப்புறம் பக்கத்துத் திருவையாற்றிலேயே வாழை விளையும்போது கல்யாண வீட்டில் பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டு எதற்கு? மண்டப உரிமம் தரும்போதே இலைதான் என்று அரசு ஒரு நிபந்தனை போட்டால் போதும், விவசாயிக்கும் நாலு காசு கிடைக்கும்.