செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்க விமானப் பயணத்தில் உண்மையில் என்ன மாறியது?

ஷூவைக் கழற்றுவது, தண்ணீர் பாட்டிலைக் குப்பையில் போடுவது, கையைத் தூக்கிக்கொண்டு ஸ்கேனருக்குள் நிற்பது என எல்லாவற்றையும் 2001 செப்டம்பர் 11 கணக்கிலேயே எழுதிவிடுகிறோம். பாதிக் கணக்கு தப்பு. அந்தத் தாக்குதல் நேரடியாக மாற்றியவற்றில் முக்கியமானது பயணிகள் கண்ணில் அதிகம் படுவதில்லை: விமானி அறைக் கதவு.

அதற்கு முன் சோதனை வேலையை விமான நிறுவனங்களே தனியார் செக்யூரிட்டி கம்பெனிகளிடம் ஒப்பந்தத்துக்கு விட்டிருந்தன. 4 அங்குலத்துக்குக் குறைவான கத்தியைக் கையோடு கொண்டுபோகலாம். டிக்கெட் இல்லாதவரும் கேட் வரை போய் வழியனுப்பலாம். கடத்தியவர்களில் சிலரைக் கணினி அன்று சந்தேகத்துக்குரியவர்கள் என்று பொறுக்கியும் எடுத்தது. பெரும்பாலும் அதன் பலன், அவர்கள் விமானத்தில் ஏறும்வரை அவர்களுடைய செக்-இன் பெட்டியை ஏற்றாமல் நிறுத்திவைத்தது மட்டும்தான். பெட்டியில் குண்டை அனுப்பிவிட்டுத் தான் ஏறாமல் நழுவுகிறவனுக்கான ஏற்பாடு அது. 1985-ல் நடுவானில் வெடித்த ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்தில் அப்படித்தான் நடந்தது. சாவதற்கென்றே ஏறுகிறவனை அது என்ன செய்யும்? விமானிகளுக்கும் கடத்துகிறவனோடு ஒத்துப்போய் பத்திரமாகத் தரையிறக்கு என்றே பயிற்சி.

அதனால்தான் கதவு. 2003 ஏப்ரலுக்குள் பயணிகள் விமானங்களில் துப்பாக்கிக் குண்டு துளைக்காத, உதைத்துத் திறக்க முடியாத கதவு கட்டாயமானது. வெளியே எண் பலகை இருக்கும். பணிப்பெண் எண்ணை அழுத்தினால் உள்ளே ஒலி கேட்கும். விமானி ஆளைப் பார்த்துவிட்டுத் திறப்பார். உள்ளே இருவரும் மயங்கிவிட்டால் என்ன செய்வது? அதற்குத் தனியாக ஓர் அவசர எண் உண்டு. அதை அழுத்திச் சில நொடிகள் உள்ளிருந்து மறுப்பு வராவிட்டால் கதவு தானே திறக்கும். விமானி சுவிட்சை 'லாக்' பக்கம் தள்ளினாலோ, எண் பலகை 5 நிமிடமாவது செத்துப்போகும். 2015 மார்ச்சில் ஜெர்மன்விங்ஸ் விமானத்தில் துணை விமானி இதே கதவை உள்ளே பூட்டிக்கொண்டு மலையில் மோதினார். வெளியே போன கேப்டனால் திரும்ப நுழைய முடியவில்லை. 150 பேர் இறந்தார்கள். அமெரிக்க விமானங்களில் ஒரு விமானி கழிப்பறைக்குப் போனால் ஒரு பணியாளர் உள்ளே போய் நிற்பதும், உணவு வண்டியை நடைபாதையில் குறுக்கே நிறுத்துவதும் இந்தக் கதவைச் சுற்றி வந்த பழக்கங்கள்தான்.

சோதனையை அரசே எடுத்துக்கொண்டது: 2001 நவம்பரில் ஒரு சட்டத்தின் மூலம் டிஎஸ்ஏ என்ற போக்குவரத்துப் பாதுகாப்பு அமைப்பு பிறந்தது. செக்-இன் பெட்டிகள் அனைத்தையும் வெடிமருந்துக்காகச் சோதிப்பதும் அந்தச் சட்டத்தில் வந்ததே. அதனால்தான் பெட்டிக்குச் சாதாரணப் பூட்டுப் போட்டால், திறந்து பார்க்க வேண்டியிருந்தால் வெட்டிவிடுவார்கள். சிவப்பு வைரக் குறி உள்ள பூட்டை அவர்கள் சாவியால் திறக்கலாம்.

மற்றவை வேறு சம்பவங்களின் குழந்தைகள். ஷூ, 2001 டிசம்பரில் பாரிஸ்-மயாமி விமானத்தில் ஒருவன் காலில் குண்டோடு ஏறியதால் (2025 ஜூலையில் இந்த விதியைக் கைவிட்டார்கள்). திரவக் கட்டுப்பாடு, 2006 ஆகஸ்டில் லண்டனில் பிடிபட்ட, திரவ வெடிகுண்டால் விமானங்களைத் தகர்க்கும் சதியால். உடல் ஸ்கேனர் எல்லா இடத்துக்கும் பரவியது, 2009 கிறிஸ்துமஸ் அன்று உள்ளாடையில் குண்டு வந்ததால்.

நடைமுறையில் மாட்டிக்கொள்ளும் இடங்கள் சில. கைப்பையில் திரவத்துக்கான வரம்பான 100 மில்லி என்பது பாட்டிலின் அளவு, உள்ளே இருக்கும் திரவத்தின் அளவல்ல. 200 மில்லி பாட்டிலில் கொஞ்சம்தான் எண்ணெய் இருக்கிறது என்று வாதாடிப் பயனில்லை. ஊறுகாய், தொக்கு, தயிர் எல்லாம் திரவக் கணக்கு. சாம்பார்ப் பொடி போன்றவை கைப்பையில் 350 மில்லி அளவைத் தாண்டினால் தனியாகச் சோதிப்பார்கள், என்ன பொருளென்று தெளிவாகாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். செக்-இன் பெட்டியில் போடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்து அமெரிக்காவுக்குள் விமானம் மாறுகிறவர்கள் பொதுவாக முதல் ஊரில் பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி ஒப்படைக்க வேண்டும். டியூட்டி ஃப்ரீ பாட்டிலைப் பெட்டிக்குள் வைக்க அதுதான் நேரம். அடுத்த நிமிடம் மறுபடி சோதனை வரிசை. அங்கே கடையில் சீல் வைத்துக் கொடுத்த உறை கிழிந்திருந்தால் பாட்டில் போச்சு.