பிளெண்டிங் மோடு 27-ம் தெரிந்திருக்க வேண்டுமா?

போட்டோஷாப் லேயரில் (ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் படப் படலம்) 27 பிளெண்டிங் மோடு, அதாவது மேல் லேயர் கீழ் லேயரோடு கலக்கும் முறை, இருக்கிறதே, எதை எங்கே போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். திருநெல்வேலி டவுனில் சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கல்யாண ஆல்பம், கோயில் கொடை ஃபிளெக்ஸ், பழைய படத்தைப் புதுசாக்குவது எல்லாம் உண்டு. அன்றாடம் நான் தொடுவது நாலைந்துதான்.

மேல் லேயரில் எது மறைய வேண்டும் என்று பாருங்கள். வெள்ளை போகணுமா, மல்டிப்ளை. கறுப்பு போகணுமா, ஸ்கிரீன். கொடை நோட்டீஸுக்கு வெள்ளைத் தாளில் கையால் எழுதிக் கொண்டுவருவார்கள். ஸ்கேன் செய்து மல்டிப்ளை போட்டால் தாள் மறைந்து எழுத்து மட்டும் நிற்கும். உள்ளே நடப்பது வெறும் பெருக்கல்தான்: இரண்டு லேயரின் மதிப்பையும் பெருக்கி 255-ஆல் வகுக்கிறது. கறுப்பு 0, வெள்ளை 255 என்பதால் கீழே உள்ளது மாறாது; 128-ம் 128-ம் சேர்ந்தால் 64 ஆக இருண்டுவிடும். ஒன்று, ஸ்கேன் செய்த தாள் சுத்த வெள்ளையாக இருக்காது, சாம்பல் கட்டம் மாதிரி லேசாகத் தெரியும். முதலில் வெளிச்சத்தைச் சரிசெய்கிற லெவல்ஸில், தாள் சுத்த வெள்ளையாகும்வரை வெள்ளை முனையை இழுத்துவிடுங்கள்.

ஸ்கிரீன் மல்டிப்ளைக்குத் தலைகீழ், அதே இரண்டு 128 சேர்ந்து 192 ஆகும். ராத்திரி எடுத்த வாணவேடிக்கையைக் கோபுரத்துக்குப் பின்னால் வைக்க இதுதான். ஓவர்லே இரண்டும் கலந்தது. முகத்தில் போட்டால் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும், அதைவிட மென்மையான சாஃப்ட் லைட்தான் எனக்குப் பிடிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது கலர் மோடு. போன மாதம் ஒரு அண்ணாச்சி, தாத்தாவும் ஆச்சியும் நிற்கிற கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்தார். புது லேயரில் கலர் மோடு போட்டு ஆச்சி சேலைமேல் பச்சை தீட்டினேன். நிறம் மட்டும் மேலிருந்து வரும், வெளிச்சமும் நிழலும் கீழே உள்ள படத்தினுடையது. அதனால் கொசுவ மடிப்பு ஒன்றுகூட அழியவில்லை. தாத்தா வேட்டிக்குத் தீட்டிய சந்தன நிறம்தான் ஒட்டவே இல்லை. சுத்த வெள்ளையிலும் சுத்தக் கறுப்பிலும் இந்த மோடு நிறம் காட்டாது. வேட்டிக்குத் தனி லேயர், அதற்கு மல்டிப்ளை, ஒப்பாசிட்டி (லேயர் எவ்வளவு அழுத்தமாகத் தெரிய வேண்டும் என்பது) 20 சதவீதம். சரியாக வந்தது.

படத்தைப் பார்த்த அண்ணாச்சி, “எப்பா, ஆச்சிக்குப் பச்சையே ஆவாதுப்பா, கத்தரிப்பூ கலருதான் கட்டுவா” என்றார். தனி லேயர் என்பதால் நிறத்தை மாற்றுகிற ஹியூ பட்டையை நகர்த்தினேன், அவர் டீயைக் குடித்து முடிப்பதற்குள் சேலை மாறிவிட்டது.

அப்புறம், ஃபிளெக்ஸ் அடிப்பதாக இருந்தால் வேலையை எல்லாம் ஆர்ஜிபியில் (திரைக்கான நிற முறை) முடித்துவிட்டு, லேயர்களை ஃபிளாட்டன் செய்து ஒன்றாக்கிய பிறகே சிஎம்ஒய்கேவுக்கு (அச்சு மைக்கான நிற முறை) மாற்றுங்கள். லேயரோடு மாற்றினால் மோடுகள் கலக்கிற கணக்கு வேறாகிவிடும். மாற்றும்போது லேயரைச் சேர்க்கவா என்று போட்டோஷாப்பே கேட்கும். ஆனித் தேரோட்ட அவசரத்தில் நான் ஒரு தடவை வேண்டாம் என்று தட்டிவிட்டேன். ஸ்கிரீன் மோடில் வைத்திருந்த தீப ஒளி அச்சில் மங்கலாக வந்தது. பத்தடிக்கு இருபதடி. மறுபடி அடித்த காசு என் கையிலிருந்துதான்.