பழைய காயம் இருந்தால் பெண்ட்ஸ் வருமா? ஹெர்மிஸ் கப்பலுக்கு இறங்க நினைப்பவருக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்கு 47 வயது. சென்னையில் ஐ.டி. வேலை. 2013-ல் ஃபுட்பால் ஆடும்போது வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்து ஏசிஎல் ஆபரேஷன் ஆனது. உள்ளே டைட்டானியம் ஸ்க்ரூ இருக்கிறது. மூன்று வருடம் முன்பு பைக்கிலிருந்து விழுந்ததில் இடது தோள்மூட்டு இறங்கி, மேல்கை எலும்பின் கழுத்துப் பகுதியில் விரிசலும் விட்டது. குளிர் காலத்தில் இன்னும் வலிக்கிறது. டீகம்ப்ரெஷன் டைவிங் கோர்ஸ் முடித்துவிட்டேன். ஜூலையில் மட்டக்களப்பு போய், கடலடியில் மூழ்கிக் கிடக்கும் ஹெர்மிஸ் போர்க்கப்பலுக்கு இறங்க ஆசை. அடிபட்ட மூட்டில் பெண்ட்ஸ் (டைவர்களுக்கு வரும் குமிழ் நோய்) வர வாய்ப்பு அதிகம் என்கிறார்களே, உண்மையா? ட்ரிப் ஏற்பாடு செய்பவர், "மெடிக்கல் ஃபார்மில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுங்கள், சர்டிஃபிகேட் நான் வாங்கித் தருகிறேன்" என்கிறார். தினமும் ஜிம் போகிறேன். போகலாமா?

பதில்: ஸ்க்ரூவைப் பற்றிக் கவலை வேண்டாம். முழங்காலும் பெரிய விஷயம் இல்லை. தோளை மட்டும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்க்காமல் இறங்காதீர்கள். அந்த ஏற்பாட்டாளரோடு போகவே போகாதீர்கள்.

இனி காரணங்கள். ஹெர்மிஸ் கிடப்பது 53 மீட்டர் ஆழத்தில். அங்கே உடம்பின் மீது இருக்கும் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல ஆறு மடங்குக்கும் மேல். அந்த அழுத்தத்தில் நீங்கள் மூச்சில் இழுக்கும் நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைந்து ஏறும். மேலே வரும்போது அது வெளியேற நேரம் கொடுக்க வேண்டும். அதற்காகத்தான் வழியில் நின்று நின்று வருகிறோம், இதுதான் டீகம்ப்ரெஷன், சுருக்கமாக டீகோ. அவசரப்பட்டால் கரைந்த வாயு உள்ளேயே குமிழ்களாகும், அதுதான் பெண்ட்ஸ். இரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் இடத்தில் வாயு சீக்கிரம் ஏறி சீக்கிரம் இறங்கும். ஓட்டம் குறைந்த இடத்தில் எல்லாமே மெதுவாக நடக்கும். அடிபட்டுத் தழும்பேறிய திசுவில் இரத்த ஓட்டம் குறைவு, அதனால் வாயு தங்கிவிடும், அங்கேதான் குமிழ் பிடிக்கும் என்பது நீங்கள் கேள்விப்பட்ட வாதம்.

காகிதத்தில் இது சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நன்றாக ஆறிய காயம் பெண்ட்ஸை அங்கே இழுக்கிறது என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு ஆதாரம் கிடையாது. தோளில் ஒரு கீறல்கூடப் படாத டைவர்களுக்கும் பெண்ட்ஸ் வலி அதிகம் வருவது தோளில்தான். அந்தக் காலத்தில் பாலங்களுக்கு அடித்தளம் தோண்ட அழுத்தக் காற்று அறைகளுக்குள் இறங்கிய தொழிலாளர்களுக்கு முழங்காலில் அதிகம் வந்தது. ஸ்க்ரூ வெறும் உலோகம். அதற்குள் காற்றும் இல்லை, வாயு கரையவும் கரையாது. ஆபரேஷன் முடிந்து எலும்பும் தசையும் முழுதாகத் தேறும் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்களுக்கு அந்தக் காலம் எப்போதோ கடந்துவிட்டது.

பழைய காயம் வேறு வழியில் ஆளைக் கெடுக்கும். சனிக்கிழமை காலை இறங்குகிறீர்கள், சாயங்காலம் இடது தோள் வலிக்கிறது. "பழைய வலிதானே, சிலிண்டர் தூக்கியதில் கிளம்பிவிட்டது" என்று ஒரு டைக்ளோஃபெனாக் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்துவிடுவீர்கள். விடியற்காலையில் கால் மரத்திருக்கும், சிறுநீர் பிரியாது. முதலில் தோளில் வந்ததும் பெண்ட்ஸ்தான் என்று அப்போதுதான் புரியும். என்னிடம் தாமதமாக வருபவர்களில் பெரும்பாலோர் சொல்லும் முதல் வாக்கியம், "டாக்டர், எனக்கு ஏற்கெனவே அங்கே வலி உண்டு" என்பது.

அதனால் இறங்குவதற்கு முந்தைய நாள் இரவு ஒரு நோட்டை எடுத்து உட்காருங்கள். இடது கையைப் பக்கவாட்டில் எந்த உயரம் வரை வலியில்லாமல் தூக்க முடிகிறது, எங்கே அழுத்தினால் வலிக்கிறது, பத்துக்கு எத்தனை வலி, விரல்களில் மரமரப்பு உண்டா என்று எழுதுங்கள். கண்ணை மூடி ஒற்றைக் காலில் எத்தனை விநாடி நிற்கிறீர்கள் என்று கூட வந்தவரைப் பார்க்கச் சொல்லுங்கள். குதிகாலில் நாலு அடி, முன்பாதத்தில் நாலு அடி நடப்பதை ஃபோனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள். டைவ் முடிந்து ஒரு மணி நேரம் கழித்தும், படுக்கப் போகுமுன்பும் இதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். பழைய காயத்தின் வலி பொதுவாக அசைத்தால் கூடும், தொட்டால் தெரியும். பெண்ட்ஸ் வலி பெரும்பாலும் ஆழத்தில் குடைகிற மாதிரி இருக்கும். கையை எப்படி வைத்தாலும் பெரிதாக மாறாது, தொட்டுக் காட்டவும் முடியாது. பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குள்ளும், ஏறக்குறைய எல்லோருக்கும் ஒரு நாளுக்குள்ளும் ஆரம்பித்துவிடும். இந்த வித்தியாசத்தை வைத்து நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். நோட்டில் எழுதாத எந்த வலி வந்தாலும் அதைப் பெண்ட்ஸ் என்றே எடுத்துக்கொண்டு ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் போடுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். அந்த மூன்று நாலு நாட்களுக்கு வலி மாத்திரை தொடக்கூடாது. மாத்திரை போட்டால்தான் இறங்க முடியும் என்ற நிலைமை என்றால் அன்று இறங்கக்கூடாது.

உங்கள் தோளைத் தனியாகப் பார்க்கச் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. பழைய காயங்களிலேயே நான் விட்டுக்கொடுக்காத விதிவிலக்கு இது ஒன்றுதான். மேல்கை எலும்பின் உருண்டைத் தலைக்குப் போகும் இரத்தக் குழாய்கள் அதன் கழுத்தை ஒட்டித்தான் ஏறுகின்றன. கழுத்தில் விரிசல் விட்டால் அந்த ஓட்டம் தடைபட்டு, எலும்பின் தலை கொஞ்சம் கொஞ்சமாகச் சாகலாம். ஆரம்பத்தில் சாதாரண எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாது. குளிரில் வலிக்கிறது என்று நீங்கள் சொல்வது வெறும் தழும்பு வலியாக இருக்கலாம், இதுவாகவும் இருக்கலாம். டீகம்ப்ரெஷன் டைவிங்கே இதே எலும்புச் சாவை உண்டாக்கும். தோள் எலும்பின் தலையும் இடுப்பில் தொடை எலும்பின் தலையும்தான் அதற்கு முக்கியமான இலக்கு. ஏற்கெனவே இரத்தம் குறைந்த எலும்பில் மறுபடி மறுபடி நைட்ரஜனை ஏற்றி இறக்கினால், தலை நொறுங்கி மூட்டையே மாற்ற வேண்டிய நிலை வரலாம். ஏசிஎல் ஆனவரை அனுப்புகிறேன். தட்டு, ஆணி வைத்தவரையும் அனுப்புகிறேன். எலும்புத் தலையில் சாவு தெரிந்தால் அனுப்பமாட்டேன். இன்னொன்று: கொரோனா சமயத்தில் உங்களுக்கு அதிக அளவு ஸ்டீராய்டு கொடுத்தார்களா? அதற்குப் பிறகு இடுப்பு எலும்புத் தலை கெட்டுப்போனவர்கள் நம் ஊரில் நிறைய. கொடுத்திருந்தால், அதுவும் இடுப்பிலோ தொடை இடுக்கிலோ லேசான வலி இருந்தால், இடுப்பையும் சேர்த்து எம்ஆர்ஐ எடுத்துவிடுங்கள். எக்ஸ்ரே எடுத்து "நார்மல்" என்று எழுதிக் கொடுத்தால் அதோடு திருப்திப்படாதீர்கள்.

அடுத்தது ஃபார்ம். இதில்தான் எனக்குக் கோபம். உலகம் முழுவதும் டைவிங் பள்ளிகள் கொடுக்கும் மருத்துவக் கேள்வித்தாளை 2020-ல் திருத்தி எழுதினார்கள். முதல் பக்கத்தில் பத்தே கேள்விகள். 45 வயதைத் தாண்டிவிட்டீர்களா, 1.6 கிலோமீட்டரை 14 நிமிடத்தில் நடக்கவோ 200 மீட்டரை நிற்காமல் நீந்தவோ திணறுகிறீர்களா, கடந்த 12 மாதத்தில் ஆபரேஷன் ஆனதா அல்லது பழைய ஆபரேஷனால் இன்னும் தொந்தரவு உண்டா, இப்படிப் போகும். 'ஆமாம்' என்று எழுதினால் டைவ் செய்யக்கூடாது என்று அர்த்தம் இல்லை. ஒரு டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கலாம் என்றுதான் அர்த்தம். உங்கள் வயதுக்கே ஒரு 'ஆமாம்' போட்டாக வேண்டும். அதையும் மறைக்கச் சொல்பவர் உங்கள் உடம்பைப் பற்றி யோசிக்கவில்லை, படகில் காலியாக இருக்கும் ஒரு சீட்டைப் பற்றி யோசிக்கிறார்.

ஆளையே பார்க்காமல் வாட்ஸ்அப்பில் வரும் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட்டுகளை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். "பரிசோதித்ததில் ஆழ்கடல் டைவிங்குக்குத் தகுதி" என்று ஒரே வரி, கீழே முத்திரை. பரிசோதித்தது என்ன, எந்த ஆழம், எந்த வாயு, எதுவும் இருக்காது. கையெழுத்துப் போட்டவர் டீகம்ப்ரெஷன் என்ற வார்த்தையைக் கடைசியாகப் படித்தது கல்லூரியில், அதுவும் ஒரு பத்தி. நம் மருத்துவப் படிப்பில் இதற்கு இருக்கும் இடம் அவ்வளவுதான். இவ்வளவு நீளக் கடற்கரையை வைத்துக்கொண்டு, சங்கு குளிக்கிறவர்களையும் துறைமுகத்தில் மூழ்கி வேலை செய்பவர்களையும் வைத்துக்கொண்டு, கடல் மருத்துவத்தைக் கடற்படையின் விஷயம் என்று நாம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். பாக் நீரிணையின் அந்தப் பக்கம் மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கடல் அட்டைக்காக ஒரே நாளில் சிலிண்டர் மேல் சிலிண்டர் மாற்றி இறங்கும் இளைஞர்களில் கால் விளங்காமல் போனவர்கள் உண்டு. அவர்கள் கையில் ஃபார்மே கிடையாது. பிடித்து வந்ததை எடைபோட்டுக் காசு கொடுக்கும் முதலாளிதான் உண்டு. உங்களிடம் ஃபார்ம் இருக்கிறது. அதில் பொய் எழுதாதீர்கள். ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரர் கைவிரிக்க அந்த ஒரு பொய் போதும். நீங்கள் பேச முடியாமல் கிடக்கும்போது சிகிச்சை தரும் டாக்டர் படிக்கப்போவதும் அந்தத் தாளைத்தான்.

ஜிம் விஷயத்துக்கு வருகிறேன். மார்பும் தோளும் பெருத்திருப்பது டைவிங் உடற்தகுதி ஆகாது. ஆழத்தில் மூச்சுவாயு அடர்த்தியாகிவிடும். இழுக்கவும் விடவும் கனக்கும். அங்கே நீரோட்டத்தை எதிர்த்து நீந்தினால் கார்பன் டை ஆக்ஸைடு உடம்பில் தேங்கும். தலை கிறுகிறுக்கும், பதற்றம் வரும், மூச்சு பிடிபடாது. அதைத் தாங்குவது நீண்ட நேரம் சீராக உழைத்துப் பழகிய இதயமும் நுரையீரலும்தான். வாரத்தில் நாலு நாள் துடுப்பு மாட்டி நீந்துங்கள், வேகமாக நடங்கள். 47 வயதில் டிஎம்டி டெஸ்ட் (ட்ரெட்மில்லில் நடக்கவைத்து இதயத்தைப் பார்ப்பது) கட்டாயம். டைவிங்கில் இறப்பவர்களில் பலர் பெண்ட்ஸால் இறப்பதில்லை, இதயத்தால் இறக்கிறார்கள். டைவுக்கு முந்தைய நாளும் அன்றும் அடுத்த நாளும் எடை தூக்க வேண்டாம். தவளை உதை முழங்காலின் உள்பக்கத்தை முறுக்கும். ஆபரேஷன் ஆன காலில் அதைக் குளத்தில் பழகிப் பார்த்து, வலித்தால் சாதாரண உதையே போதும்.

கயிற்றைப் பிடித்து டீகோ நிற்கும்போது இடது கையை மடக்கி இறுக்கிப் பிடிக்காதீர்கள். அரை மணி நேரம் அப்படித் தொங்கினால் தோளில் இரத்த ஓட்டமும் குறையும், மேலே வந்ததும் வலிக்கவும் செய்யும். அது எந்த வலி என்ற குழப்பம் மறுபடி வரும். நடுநிலை மிதப்பில் நின்று, வலது கையின் இரண்டு விரலால் கயிற்றைத் தொட்டுக்கொண்டால் போதும். டைவ் கம்ப்யூட்டரில் ஜிஎஃப் (எவ்வளவு கவனமாக மேலே வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு) மேல் எண் 85 என்று இருந்தால் 70-க்குக் குறையுங்கள். ஆறு மீட்டரில் ஆக்ஸிஜனில் கூடுதலாகச் சில நிமிடம் நில்லுங்கள். முடிந்ததும் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஸ்டேஜ் சிலிண்டரையும் முதுகுச் செட்டையும் தண்ணீரிலேயே கழற்றிப் படகுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஏறுங்கள். முக்கி முக்கி ஏணி ஏறும் அந்த நேரத்தில் குமிழ்கள் இதயத்தின் வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் தாவ வாய்ப்பு அதிகம். நாலில் ஒருவருக்கு இதயச் சுவரில் அதற்கேற்ற சிறு துளை பிறவியிலிருந்தே இருக்கிறது.

பேக்கேஜ்காரர்கள் கொடுக்கும் பயணத் திட்டத்தையும் பாருங்கள். ஞாயிறு காலை டைவ், அன்றிரவே கொழும்பிலிருந்து விமானம் என்று போட்டிருப்பார்கள். டீகோ டைவுக்குப் பிறகு 24 மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. அதைவிட மோசம், "வழியில் நுவரெலியா பார்த்துவிட்டுப் போகலாம்" என்பது. நுவரெலியா 1,800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காரில் ஏறினாலும் மலை மலைதான். அழுத்தம் குறையும், குமிழ் பெருக்கும். டைவுக்குப் பிறகு பொலன்னறுவை வழியாகச் சமவெளியில் போங்கள், மலையை டைவுக்கு முன்னால் பார்த்துவிடுங்கள்.

கிளம்புமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: படகில் எத்தனை பேருக்கு, எவ்வளவு நேரத்துக்கு ஆக்ஸிஜன் இருக்கிறது? கப்பல் கிடப்பது கரையிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தள்ளி. அங்கிருந்து கரைக்கு வந்து, திருகோணமலையில் கடற்படை வைத்திருக்கும் அழுத்த அறைக்குச் சாலையில் போய்ச் சேரும்வரை ஆக்ஸிஜன் தீரக்கூடாது. அந்த அறை அந்த வாரம் இயங்குகிறதா என்று ஏற்பாட்டாளரை உங்கள் முன்னாலேயே ஃபோன் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள். அழகு நிலையங்களிலும் வெல்னஸ் சென்டர்களிலும் இருக்கும் ஊதிப் பெருக்கும் சேம்பர் இதற்கு உதவாது. அதில் கிடைப்பது 1.3 மடங்கு அழுத்தம். பெண்ட்ஸுக்கு வழக்கமான முதல் சிகிச்சை 2.8 மடங்கில் தொடங்கி ஏறக்குறைய ஐந்து மணி நேரம் நடப்பது. டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்கின் 24 மணி நேர அவசர எண்ணையும் ஃபோனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

எம்ஆர்ஐயில் தோள் சுத்தமாக இருந்து, டிஎம்டியும் சரியாக வந்தால் ஜூலையில் போகலாம். முதல் நாளே ஹெர்மிஸ் வேண்டாம். 20, 30 மீட்டரில் இரண்டு நாள் இறங்கி, நோட்டில் எழுதிய வலி மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூன்றாம் நாள் போங்கள். ரிப்போர்ட்டில் எலும்புச் சாவைக் குறிக்கும் ஏவிஎன் என்ற மூன்று எழுத்து இருந்தால், டிக்கெட் போடுமுன் அந்தப் படங்களோடு ஒரு எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.