நிறுக்கும்போது தராசைப் பாருங்கள்: சந்தைக் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் மீனையும் அரிசியையும் பற்றியவை. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: லொறியில் கூவி விற்றுக்கொண்டு வந்தவர்களிடம் 25 கிலோ நாட்டரிசி வாங்கினேன். மேலே அள்ளிக் காட்டினது நல்ல அரிசி. வீட்டில் கொட்டிப் பார்த்தால் அடியில் குறுணலும் வண்டும். லொறி பிறகு வரவேயில்லை. மகள் என்னைத்தான் ஏசுகிறாள். (ஒரு தாய், முழங்காவில்)

பதில்: அம்மா, இந்தப் பதிலை மகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். பிழை உங்களில் இல்லை. மேலே நல்லதும் கீழே கழிவும் போட்டுத் தைத்தவர்கள் ஏமாற்றவென்றே தைத்திருக்கிறார்கள். லொறியின் இலக்கம் அயலில் யாருக்காவது தெரிந்தால், அல்லது அடுத்த ஊரில் அதே ஆட்கள் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு உடனே அழையுங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டும் என்று 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் வியாபாரிக்குச் சொல்கிறது. லொறிக்காரருக்கும் அது பொருந்தும். துண்டு தரமாட்டேன் என்பவரிடம் மூட்டைக் கணக்கில் வாங்கவேண்டாம்.

அரிசியைக் கொட்டிவிடாதீர்கள். புடைத்து, நல்ல வெயிலில் பாயில் பரப்பினால் வண்டு ஓடிவிடும். குறுணல் கஞ்சிக்கு ஆகும். பூஞ்சண மணம் வந்தால் மட்டும் முழுவதையும் வீசுங்கள், கோழிக்கும் போடவேண்டாம்.

அடுத்தமுறை மூட்டையின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு கை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். இரண்டு மணியைப் பல்லில் வைத்துக் கடியுங்கள். காய்ந்த அரிசி சட்டென்று உடையும், ஈர அரிசி நசியும். பெரும்போக அறுவடை முடிந்த கையோடு, புது அரிசி என்ற ஆசையில் நானும் ஒரு மூட்டை வாங்கினேன். கடித்துப் பார்க்கவில்லை. நெல் சரியாகக் காயாமல் குத்தின அரிசி அது. மூன்றாம் கிழமை மூட்டையைத் திறந்தபோது முழுவதும் பச்சைப் பூஞ்சணம். பிள்ளைகளுக்கென்று எடுத்துவைத்த அரிசி. இன்றும் மனம் ஆறவில்லை.

கேள்வி: முட்டை பழசா புதுசா என்று எப்படிப் பார்ப்பது? (மாங்குளம்)

பதில்: கடையில் காதோடு வைத்து ஆட்டுங்கள். உள்ளே குலுங்கினால் பழசு. வீட்டில் தண்ணீரில் போடுங்கள். படுத்தால் புதுசு, நிமிர்ந்தால் பழசு, மிதந்தால் வீசுங்கள்.

கேள்வி: தக்காளி மலிவென்று 10 கிலோ வாங்கினேன். நாலாம் நாள் பாதி அழுகிவிட்டது. கடைக்காரர் காசைத் திருப்பித் தரவேண்டாமா? (வவுனியா)

பதில்: ஏன் தரவேண்டும்? நாலு பேர் உள்ள வீட்டுக்குப் பழுத்த தக்காளி 10 கிலோ எதற்கு? அதைச் சொப்பிங் பையிலேயே கட்டி வைத்திருந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கடைக்காரர் உங்களை ஏமாற்றவில்லை.

கேள்வி: சந்தையில் 1 கிலோ மீன் வாங்கி வந்தால் வீட்டில் எப்போதும் குறைவாகத்தான் இருக்கிறது. இது என் மனப்பிரமையா? (கிளிநொச்சி)

பதில்: பிரமை என்று யாரும் சொல்லவிட வேண்டாம். முதலில் ஒன்றைத் தெளிவாக்குகிறேன். வெட்டித் துப்புரவாக்கின மீன் குறையத்தான் செய்யும். தலை, குடல், செதில் போனபிறகு நிறுத்துவிட்டு வியாபாரியைக் குறைசொல்வது நியாயமில்லை. முழு மீனாக நிறுத்தும் குறைந்தால்தான் அது களவு.

எனக்கு அப்படி நடந்தது. ஒரு சந்தையில் 2 கிலோ என்று விளைமீன் வாங்கினேன். வெட்டாமல் கொண்டுவந்து வீட்டில் நிறுத்தால் 1 கிலோ 700. திரும்பிப் போய்க் கேட்டேன், சனத்துக்கு முன் என்னைப் பேசி அனுப்பினார்கள். அன்று தொடங்கிய கோபம்தான் இந்தப் பகுதியில் தராசைப் பற்றி நான் திரும்பத் திரும்ப எழுதக் காரணம்.

கணக்கைப் பாருங்கள். கிலோவில் 100 கிராம் குறைந்தால், கிழமைக்கு 2 கிலோ வாங்கும் வீடு வருடத்தில் 10 கிலோ மீனை இழக்கிறது. இங்கே எத்தனையோ வீடுகளில் ஒரு பெண்ணின் நாட்கூலியில் அடுப்பெரிகிறது. அந்த 10 கிலோ அவளுடைய எத்தனை நாள் வேலை! இன்னொன்றும் இருக்கிறது. வடக்குச் சந்தைகளில் விவசாயி 100 கிலோ மரக்கறி இறக்கினால் 10 கிலோவைக் ‘கழிவு’ என்று கழித்துக் காசு கொடுக்கும் வழக்கத்தை எதிர்த்து விவசாயிகள் எவ்வளவோ கத்தினார்கள். கத்தரிக்காய் விற்கும்போது தராசில் இழந்தவர், அந்தக் காசில் மீன் வாங்கும்போதும் தராசில் இழக்கிறார். இதை எப்படிப் பொறுப்பது?

எப்படிக் களவு நடக்கிறதென்று தெரிந்தால் பாதி தப்பலாம். மீன் வைக்கும் தட்டின் பாரத்தைக் கழிக்காமல் நிறுப்பது ஒன்று. தட்டோடு சேர்த்துத் தராசு பூச்சியம் காட்டவேண்டும், அதற்குப் பிறகுதான் மீன் ஏறவேண்டும். ஈரத்தையும் ஐஸ்கட்டியையும் சேர்த்து நிறுப்பது இன்னொன்று. மீனைப் போட்டவுடன் முள் ஆடும்போதே இலக்கத்தைச் சொல்லித் தூக்கிவிடுவது மூன்றாவது. தராசின் முகம் உங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். திருப்பச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள்.

சந்தேகம் வந்தால், உடைக்காத 1 லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தராசில் வையுங்கள். 1 கிலோவும் போத்தலின் சிறு பாரமும் காட்டவேண்டும். அதைவிடக் கூடக் காட்டுகிற தராசு உங்கள் மீனுக்கும் கூடத்தான் காட்டும். வியாபாரத் தராசை வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்து முத்திரை வைக்கவேண்டும், 1995ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இதற்காகவே இருக்கிறது. முத்திரை இல்லாத தராசைக் கண்டால் மாவட்டச் செயலகத்தில் உள்ள அளவீட்டு அலகுகள் பிரிவுக்குச் சொல்லுங்கள். 100 கிராமுக்காகவா என்று தயங்கவேண்டாம். அந்தத் தராசில் அன்று நிறுத்த எல்லாருக்கும் 100 கிராம் போயிருக்கிறது.

கேள்வி: சூரை மீன் குழம்பு சாப்பிட்டு அரைமணியில் முகம் சிவந்து உடம்பெல்லாம் சொறிந்தது, தலையிடி. விற்றவர் “நல்லாய்க் காய்ச்சினால் ஒன்றும் செய்யாது” என்கிறார். (புதுக்குடியிருப்பு)

பதில்: அவர் சொல்வது பிழை, ஆபத்தான பிழை. சூரை, கெலவல்லா, கும்பளா போன்ற மீன்கள் பிடித்தபிறகு வெக்கையில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் என்ற பொருள் உண்டாகும். காய்ச்சினாலும் பொரித்தாலும் உறையவைத்தாலும் அது அழியாது. மீன் மணக்கவேண்டும் என்றும் இல்லை. வாயில் மிளகு போல் உறைத்தால் அந்த இடத்திலேயே துப்பிவிடுங்கள். மூச்சு முட்டினால் வைத்தியசாலைக்கு ஓடுங்கள்.

உங்களுக்கு நடந்ததை உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லுங்கள், மிச்ச மீன் இருந்தால் கட்டி வையுங்கள். இந்தவகை மீனை ஐஸ் இல்லாத பலகையில், மோட்டார் சைக்கிள் பெட்டியில், மத்தியானத்துக்குப் பிறகு வாங்கவே வேண்டாம். கண் தெளிந்து புடைத்திருக்கவேண்டும், செவுள் சிவந்திருக்கவேண்டும், அமத்தின விரல் தடம் உடனே மறையவேண்டும். செவுளைத் தூக்கிக் காட்ட மறுப்பவரிடம் எந்த மீனும் வாங்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் கரட், லீக்ஸ், கோவா எப்போது பார்த்தாலும் வாடல். விலையோ யானை விலை. (ஒட்டுசுட்டான்)

பதில்: அவை மலைநாட்டில் விளைந்து, பெரும்பாலும் தம்புள்ளைச் சந்தை வழியாக, சாக்கில் நெரிபட்டு லொறியில் வருபவை. லொறி எந்த நாள் வருகிறதென்று கடைக்காரரிடம் கேட்டு அந்த நாளே வாங்குங்கள். மற்ற நாட்களுக்கு உங்கள் ஊரில் கத்தரி, வெண்டி, பயற்றை, முருங்கை இருக்கிறதே. கீறாத பூசணி காம்போடு வாங்கினால் கிழமைக்கணக்கில் நிற்கும். கார்த்திகை மழையில் தோட்டங்கள் அள்ளுப்பட்டால் ஊர் மரக்கறியும் விலை ஏறும், அதற்கு யாரையும் குற்றம் சொல்லமுடியாது.

கேள்வி: கீரைப் பிடி காலையில் வாங்கினால் பின்னேரமே அழுகல். (பரந்தன்)

பதில்: கட்டை அவிழ்த்து நடுவைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: உருளைக்கிழங்கில் பச்சை படர்ந்திருக்கிறது, தோலைச் சீவினால் போதும் என்கிறார் கடைக்காரர். (நெடுங்கேணி)

பதில்: போதாது. சீவினால் நஞ்சு குறையும், முழுதாகப் போகாது, அவித்தாலும் அழியாது. பிள்ளைகளுள்ள வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். திருப்பிக் கொடுத்து வேறு கேளுங்கள்.