நம் நாட்டைப் பற்றி அவர்கள் பேசும்போது: கேள்வி பதில்

மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த நான் மணமாகி அமெரிக்கா சென்று, அங்கே ஒரு கல்லூரியில் குடியேற்ற வரலாறு கற்பித்து, ஓய்வுக்குப் பிறகு மும்பைக்கே திரும்பி வந்துவிட்டேன். தேர்தல் வரும்போதெல்லாம் நான் பிறந்த நாட்டைப் பற்றி மேடைகளில் பேசப்பட்டவற்றைக் கேட்டு மனம் கசந்தவள் நான். அந்தப் பேச்சுகளின் வரலாற்றைப் படித்தவளும்கூட. மும்பைத் தமிழர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். விசா விண்ணப்பம் பற்றிய கேள்விகளைக் குடியேற்றச் சட்ட வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

முலுண்டிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்: 2020 தேர்தல் விவாதத்தில் இந்தியாவின் காற்று அசுத்தமானது என்று டிரம்ப் சொன்னபோது இங்கே பலரும் கொதித்தார்கள். குளிர்காலத்தில் மும்பையிலேயே மூச்சு முட்டுகிறது. டில்லியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். உள்ளதைச் சொன்னால் கோபம் எதற்கு, அம்மா?

ஐயா, இந்தக் கேள்வியை நானே பல முறை கேட்டுக்கொண்டிருக்கிறேன்; ஆகவே விரிவாகவே எழுதுகிறேன். 2020 அக்டோபர் 22 அன்று நாஷ்வில் நகரில் நடந்த அந்த விவாதத்தில் அவர் சீனா, ரஷ்யா, இந்தியா மூன்றையும் ஒரே மூச்சில் அசுத்தம் என்றார். அப்போது பேச்சு பருவநிலை மாற்றத்தைப் பற்றியும், பாரிஸ் ஒப்பந்தத்திலிருந்து அமெரிக்கா விலகியதைப் பற்றியும் நடந்துகொண்டிருந்தது. ஓர் அமெரிக்கர் சராசரியாக வெளியேற்றும் கரியமில வாயு, ஓர் இந்தியர் வெளியேற்றுவதைப் போலப் பல மடங்கு. அப்படியிருக்க, டில்லிக் குழந்தையின் நுரையீரல் மீதுள்ள அக்கறையால் அந்தச் சொல் வந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை. தம் நாட்டின் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கு நம் நாட்டின் புகையை அவர் எடுத்துக்கொண்டார்.

1927-இல் ஓர் அமெரிக்கப் பெண்மணி, நம் நாட்டின் குழந்தை மணத்தையும் சுகாதாரக் கேட்டையும் தீண்டாமையையும் தொகுத்து, இந்தியர்கள் தன்னாட்சிக்குத் தகுதியற்றவர்கள் என்று காட்டும் நூல் ஒன்றை வெளியிட்டார். காந்தி அதைச் சாக்கடை ஆய்வாளரின் அறிக்கை என்று தமது யங் இந்தியா இதழில் கண்டித்தார். அதே கட்டுரையில், அந்த நூல் அமெரிக்கர்களுக்கும் ஆங்கிலேயர்களுக்கும் எந்த நன்மையும் செய்யாது என்றும், ஆனால் இந்தியர் ஒவ்வொருவரும் அதைப் படித்து ஓரளவு பயன்பெறலாம் என்றும், குற்றச்சாட்டு முன்வைக்கப்பட்ட விதத்தை மறுத்தாலும் அதன் உள்ளே இருக்கும் உண்மையை நாம் மறுக்கக் கூடாது என்றும் எழுதினார். நான் பிடித்துக்கொண்டிருப்பது அந்த நிலைப்பாட்டைத்தான். காற்றைப் பற்றிய புகாரை மாநகராட்சியிடமும் மாநில அரசிடமும் நாம் விடாமல் எழுப்ப வேண்டும். அதே புகாரைக் கொண்டு வேறொரு நாட்டு மேடையில் இந்தியாவிலிருந்து வந்த ஒரு மனிதரின் மதிப்பைக் குறைக்கும்போது அதை எதிர்க்கவும் வேண்டும்.

செம்பூரிலிருந்து: என் மகனின் எச்1பி (அமெரிக்க வேலை விசா) நீட்டிப்பு நிலுவையில் உள்ளது. புதிய கட்டணம் அவனுக்குப் பொருந்துமா?

வழக்கறிஞரைக் கேளுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து, மேற்படிப்புக்குச் செல்லவிருக்கும் மாணவி: இந்த வெறுப்பு இப்போதுதான் வந்ததா, மேடம்? முறையாக விசா பெற்றுச் செல்பவர்களை இது பாதிக்காது என்கிறார்களே?

இந்த வெறுப்பின் வயது நூறு ஆண்டுகளுக்கும் மேல், அம்மா. 1907 செப்டம்பர் 4 அன்று வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்காம் ஊரில், மர ஆலைகளில் வேலை செய்த பஞ்சாபிகளை ஒரு கும்பல் அடித்து ஊரை விட்டே விரட்டியது. 1911-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் குடியேற்ற ஆணையம், அதுவரை அந்நாட்டுக்கு வந்தவர்களிலேயே மிகவும் விரும்பத்தகாத இனம் என்று இந்தியர்களைக் குறிப்பிட்டது. 1917-இல் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதியிலிருந்து வருவோருக்குக் கதவு அடைக்கப்பட்டது. இந்த வரிசையைக் கவனியுங்கள்: அடி முதலில் விழுந்தது, இழிசொல் அரசு அறிக்கையில் ஏறியது, அதன் பிறகு அது சட்டமாயிற்று. மேடைப் பேச்சு காற்றோடு போய்விடும் என்று சொல்பவர்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

முறையாகச் சென்றவர்களுக்குப் பாதிப்பில்லை என்பவர்கள் பகத் சிங் திந்தின் வழக்கைப் படிக்க வேண்டும். அவர் முதல் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர். தாம் உயர்சாதியைச் சேர்ந்தவர், ஆரியர், ஆகவே வெள்ளையருக்கு உரிய குடியுரிமை தமக்கும் உண்டு என்று வாதிட்டார். 1923-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக மறுத்தது. அதைத் தொடர்ந்து, ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த வேறு பல இந்தியர்களிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. மற்ற இந்தியர்களிலிருந்து தம்மைப் பிரித்துக் காட்டிக்கொண்டது அவரைக் காப்பாற்றவில்லை. 1946-இல்தான் குடியுரிமை பெறும் வாய்ப்பும், ஆண்டுக்கு 100 பேர் என்ற அளவும் கிடைத்தன. நீங்கள் இன்று விண்ணப்பிக்க முடிவதற்கு அடித்தளம் இட்டது, கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உருவாக்கிய சூழலில் நிறைவேறிய 1965-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே போனதும் அந்த மக்களைப் பற்றி நம்மவர்களே இழிவாகப் பேசுவதை நீங்கள் கேட்க நேரும். அந்தப் பேச்சில் சேராதீர்கள்.

வாஷியிலிருந்து: சத்யா நாதெள்ளா, மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை, இவர்களைச் சுட்டிக்காட்டினால் வாய் அடைத்துவிடாதா?

அடைக்காது. இந்தப் பட்டியலை ஒப்பிப்பதை நிறுத்துங்கள் என்று எல்லாரிடமும் மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். ஒருவர் நம் நாட்டை இழிவாகப் பேசியதும் நாம் நிறுவனத் தலைவர்களின் பெயர்களை அடுக்கினால், தலைவராகாத இந்தியர் இழிவுக்கு உரியவர் என்று நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். பெட்ரோல் பங்கில் இரவு முழுக்க நிற்பவருக்கும் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவுபவருக்கும் உள்ள மரியாதையை அந்தப் பட்டியல் விட்டுக்கொடுத்துவிடுகிறது.

அந்தேரியிலிருந்து: அமெரிக்காவில் வருமானத்தில் இந்தியர்களே முதலிடம். மருத்துவர்களும் நாம்தான். இதை ஏன் உரக்கச் சொல்லக் கூடாது?

முந்தைய பதிலைப் படியுங்கள். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: படித்தவர்களை மட்டும் சலித்தெடுத்து அனுமதிக்கும் விசா முறையால் வந்த வருமானம் அது. 2025 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க ராணுவ விமானத்தில் நாடுகடத்தப்பட்டு அமிர்தசரஸில் இறக்கப்பட்ட 104 பேரும் இந்தியர்களே. அவர்களைச் சங்கிலியிட்டு விமானம் ஏற்றும் காட்சியை அந்நாட்டின் எல்லைக் காவல் துறைத் தலைவரே வெளியிட்டார். அப்போது உங்கள் வருமானக் கணக்கு அவர்களில் ஒருவருக்கும் உதவவில்லை.

தாராவியிலிருந்து: அக்கா, என் தாத்தா திருநெல்வேலியிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு இங்கே வந்தவர். லுங்கிக்காரர்களை விரட்டு என்று இந்த நகரத்தில் கோஷம் போட்ட காலத்தைப் பற்றி அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். போன விடுமுறையில் ஊருக்குப் போனபோது, திருப்பூரில் வேலை செய்யும் பீகார்ப் பையன்களைப் பற்றி என் சித்தப்பா பேசிய பேச்சு அப்படியே இருந்தது. அமெரிக்காவைப் பற்றி மட்டும் வருந்துகிறோமே, இது சரியா?

தம்பி, இது சரியில்லை. உன் கேள்வியை எல்லாரும் படிக்க வேண்டும்.

அந்தக் கோஷம் போட்ட சிவசேனைக் கட்சியைப் பால் தாக்கரே 1966 ஜூன் 19 அன்று தொடங்கினார். அதற்கு முன்பிருந்தே அவருடைய மார்மிக் வார இதழ், பம்பாய் நிறுவனங்களில் அதிகாரிகளாக இருந்த தென்னிந்தியர்களின் பெயர்களைப் பட்டியலிட்டு வெளியிட்டுவந்தது. பெயரைப் படித்தாலே ஆள் எந்த ஊர் என்று தெரிந்துவிடும்; அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டன. தமிழர், மலையாளி, கன்னடர், தெலுங்கர் என்ற வேறுபாடே இல்லாமல் எல்லாரும் மதராசி ஆனோம். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2008-இல், அதே பாசறையிலிருந்து பிரிந்து வந்த மகாராஷ்டிர நவநிர்மாண் சேனை உத்தரப் பிரதேச, பீகார் டாக்சி ஓட்டுநர்களையும் ரயில்வே தேர்வு எழுத வந்த இளைஞர்களையும் அடித்தது. குறி மாறியதால் நாம் நிம்மதிப் பெருமூச்சு விட்டோம். நம்மில் சிலர் அந்தப் பேச்சை ரசிக்கவும் செய்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனையாக இருக்கிறது.

ஒரு தலைவர் வந்தவர்களின் ஊரைப் பற்றிப் பேசும்போது அந்த ஊரை அவர் விவரிக்கவில்லை. எதிரில் நிற்கும் தொழிலாளியை எவ்வளவு மலிவாக நடத்தலாம் என்று கூட்டத்துக்குச் சொல்லிக்கொடுக்கிறார். நியூஜெர்சியிலும் தாதரிலும் திருப்பூரிலும் நடப்பது அதுதான்.

மீண்டும் முலுண்டிலிருந்து: இதை ஏற்க முடியாது, அம்மா. அமெரிக்கா வேறு நாடு. யாரை அனுமதிப்பது என்று முடிவு செய்யும் உரிமை அதற்கு உண்டு. இரண்டையும் சேர்த்துக் குழப்புகிறீர்கள்.

ஐயா, நீங்கள் காட்டும் வேறுபாடு தம்பியின் பக்கத்தைத்தான் வலுவாக்குகிறது. நாட்டின் எந்தப் பகுதிக்கும் சென்று வாழும் உரிமையை நம் அரசியல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் தருகிறது. நியூஜெர்சியில் நான் விருந்தாளியாக நுழைந்தேன். திருப்பூரில் அந்தப் பையன் உரிமையோடு நிற்கிறான். அப்படியானால் அவனை இழித்துப் பேசுவது இன்னும் பெரிய தவறல்லவா? ஒரு நாடு எத்தனை பேரை அனுமதிக்கலாம் என்று வரம்பு வைப்பதை நான் எதிர்க்கவில்லை. எவருடைய பிறந்த ஊரையும் இழிவுபடுத்தாமலே அந்த வரம்பை எழுத முடியும்.

கல்யாணிலிருந்து: வடக்கிலிருந்து ஆட்கள் வருவதால் தமிழகத்தில் கூலி குறைகிறது. இதைப் பேசவே கூடாதா?

தாராளமாகப் பேசுங்கள், கூலி கொடுப்பவரிடம் பேசுங்கள். பிற மாநிலத் தொழிலாளருக்கு அதே வேலை செய்யும் உள்ளூர்த் தொழிலாளருக்கு இணையான ஊதியம் தர வேண்டும், அவர்களை அழைத்து வரும் ஒப்பந்ததாரர் உரிமம் பெற வேண்டும் என்று 1979-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. எச்1பி ஊழியருக்கும் அந்தத் தொழிலில் அந்தப் பகுதியில் நிலவும் ஊதியத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்பது அமெரிக்க விதி. அந்த விதியை மீறுபவர் முதலாளி. ஆனால் வசவு வாங்குபவர் தொழிலாளி.

தாராவித் தம்பி மீண்டும்: 2023 மார்ச்சில் நடந்ததையும் சொல்லுங்கள், அக்கா.

சொல்கிறேன். தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. எங்கோ எப்போதோ நடந்த சண்டைகளை எடுத்து, தமிழ்நாட்டில் நடந்தவை போலக் காட்டினார்கள். பீகார் சட்டமன்றத்தில் அமளி எழுந்தது, அந்த அரசு ஒரு குழுவைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது, அஞ்சிய தொழிலாளர்கள் ரயில் ஏறினார்கள், தமிழகக் காவல் துறை வழக்குகள் பதிந்தது. அந்த வாரத்தில் கொலைகார மண் என்று பேசப்பட்டது நம் தமிழ்நாடு. அப்போது நாம் பட்ட கொதிப்பை முலுண்ட் ஐயாவும் கல்யாண் அன்பரும் ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

காட்கோபரிலிருந்து: எச்1பி குலுக்கலில் பெயர் வர என்ன செய்யலாம்?

இதே கேள்வியைப் பலர் அனுப்பிவிட்டீர்கள். முதல் பத்தியைப் படியுங்கள்.

டோம்பிவிலியிலிருந்து: ஓர் அமெரிக்க செனட்டர் இந்தியர்களைத் திட்டும் காணொளி குடும்பக் குழுவில் வந்தது. உண்மையா?

பேச்சு முழுவதையும் பார்க்காமல், தேதியைச் சரிபார்க்காமல் எதையும் பகிராதீர்கள். 2023-இல் நடந்ததை இப்போதுதான் எழுதினேன்.

கொலாபாவிலிருந்து: நம் நாட்டு அரசியல்வாதிகள் மட்டும் ஒழுங்கா?

இல்லை. முன்பு இந்தியராகப் பிறந்ததற்கு வெட்கப்பட்டீர்கள், இப்போது பெருமைப்படுகிறீர்கள் என்ற பொருளில் 2015 மே மாதம் சீனாவிலும் தென் கொரியாவிலும் வாழும் இந்தியர்களிடையே நம் பிரதமர் பேசினார். நான் ஒரு நாளும் வெட்கப்பட்டதில்லை. என் சார்பில் அப்படிச் சொல்லப்பட்டது எனக்கு மிகவும் வலித்தது. 2018-இல் பா.ஜ.க. தலைவராக இருந்த அமித் ஷா, சட்டவிரோதமாக வந்த வங்கதேசத்தவர்களைக் கறையான்கள் என்றார். சங்கிலியிட்ட நம் இளைஞர்களுக்காக அழுத நாம் அந்தச் சொல்லுக்கும் அழுதிருக்க வேண்டும்.

சயானிலிருந்து, ஒரு பாட்டி: டெக்சாஸில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தியிடம், உங்கள் நாட்டில் எல்லாரும் குப்பையில்தான் இருப்பார்களாமே என்று உடன் படிக்கும் பையன் கேட்டானாம். அழுதுகொண்டே போன் செய்தாள். என்ன சொல்லட்டும், அம்மா?

பாட்டி, 140 கோடிப் பேருக்காக வாதாடும் சுமை அந்தக் குழந்தையுடையது இல்லை என்று முதலில் அவளிடம் சொல்லுங்கள். அது பெரியவர்களின் வேலை. அவளுடைய பெற்றோர் வகுப்பாசிரியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். என்ன சொன்னான், எந்த நாள், யார் உடனிருந்தார்கள் என்பது அதில் இருக்கட்டும். அந்தப் பையனைத் தண்டிக்கச் சொல்ல வேண்டாம்; அவன் வீட்டில் கேட்டதைத் திருப்பிச் சொல்லியிருக்கிறான்.

குழந்தைக்கு ஆசை இருந்தால் மட்டும் வகுப்பில் பேசட்டும். பெருமைக்குரிய கட்டடங்களின் படங்களைக் கொடுத்து அனுப்பாதீர்கள். சயானில் உங்கள் வீட்டு வாசல், காலையில் பால் வாங்கும் கடை, மாட்டுங்காப் பூக்கடைகள் ஆகியவற்றைப் படம் எடுத்து அனுப்புங்கள். குப்பை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்லட்டும். தாராவியின் பதின்மூன்றாம் காம்பவுண்டில் இந்த நகரத்தின் பிளாஸ்டிக்கைத் தரம் பிரித்து மீண்டும் பொருளாக்க உழைப்பவர்களைப் பற்றியும் சொல்லட்டும். ஒரு வாரத்தில் ஆசிரியரிடமிருந்து பதில் வராவிட்டால், அந்தக் கடிதத்தின் நகலைப் பள்ளி முதல்வருக்கு அனுப்பச் சொல்லுங்கள்.