லேப்டாப்பை முழுசாக என்கிரிப்ட் செய்வது எப்படி? ஒருநாள் திறக்காமல் போனால் என்ன செய்வது?

கேள்வியில் இரண்டு பகுதி இருக்கிறது. லேப்டாப் தொலைந்தாலும் உள்ளே இருப்பதை யாரும் பார்க்க முடியாதபடி முழு டிஸ்க்கையும் என்கிரிப்ட் செய்ய வேண்டும் என்பது ஒன்று. பாஸ்வேர்டை ஏற்காமல் போனால் எல்லாம் போச்சா என்பது இன்னொன்று. முதலாவது சுலபம். இரண்டாவதில் நான் அடிபட்டிருக்கிறேன், அதனால் பதிலில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும்.

தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். நாம் தட்டும் பாஸ்வேர்டு டிஸ்க்கைப் பூட்டுவதில்லை. கணினியே உருவாக்கிக்கொள்ளும் ஒரு சாவிதான் பூட்டுகிறது. லினக்ஸில் புழங்கும் லக்ஸ் முறையில் அது வழக்கமாக 512 பிட் நீளம். அதை நாம் கண்ணால் பார்ப்பதே இல்லை. டிஸ்க்கின் தொடக்கத்தில், ஹெடர் என்ற சின்ன இடத்தில், அது தனியாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். அந்தப் பூட்டைத்தான் நம் பாஸ்வேர்டு திறக்கிறது. பீரோ சாவியை ஒரு டப்பாவில் போட்டு, டப்பாவுக்கு நம்பர் பூட்டு மாட்டிய மாதிரி. அதனால்தான் பாஸ்வேர்டை மாற்றுவது சில நொடிகளில் முடிகிறது. டிஸ்க் முழுவதையும் திரும்ப எழுத வேண்டியதில்லை. ஒரே சாவியைப் பல டப்பாக்களில் போட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு பாஸ்வேர்டு வைக்கலாம். லக்ஸின் முதல் பதிப்பில் 8 வரை, இரண்டாவதில் 32 வரை. டப்பா நசுங்கிவிட்டால், பாஸ்வேர்டு தலைகீழாக நினைவிருந்தும் பயனில்லை.

சரி, எப்படிச் செய்வது? விண்டோஸ் என்றால் முதலில் ஏற்கெனவே ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், பெரும்பாலான கணினிகளில் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆன் ஆகிவிடும். தன் டிஸ்க் பூட்டியிருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் நிறைய. அட்மின் உரிமையோடு கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து மேனேஜ்-பிடிஇ ஸ்டேட்டஸ் கட்டளையைக் கொடுத்தால் நிலவரம் தெரியும். ப்ரோ பதிப்பில், விண்டோஸின் டிஸ்க் என்கிரிப்ஷன் வசதியான பிட்லாக்கரை நீங்களே ஆன் செய்யலாம். அது பின்னால் ஓடிக்கொண்டிருக்க, நீங்கள் வேலையைப் பார்க்கலாம். மேக்கில் அதே வேலைக்கான ஃபைல்வால்ட்டை ஆன் செய்தால் போதும். ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள மேக்குகளில் டேட்டா எப்போதுமே என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கும், ஃபைல்வால்ட் உங்கள் பாஸ்வேர்டையும் அந்தச் சாவியோடு முடிச்சுப் போடுகிறது, அதனால் உடனே முடிந்துவிடும்.

லினக்ஸில், நிறுவும்போதே என்கிரிப்ஷன் என்ற பெட்டியில் டிக் அடிப்பதுதான் உத்தமம். ஓடிக்கொண்டிருக்கும் லினக்ஸை அப்படியே என்கிரிப்ட் செய்யவும் வழி உண்டு. நான் செய்ய மாட்டேன். பேக்கப் எடுத்து, அழித்து, புதிதாக நிறுவுவது ஒருநாள் வேலை. நடுவில் ஏதாவது சொதப்பினால் அந்தப் பேக்கப்பைத்தான் தேடப்போகிறோம், எப்படியும் அதை எடுத்தாக வேண்டும்.

இப்போது என் கதை.

லினக்ஸை நிறுவும்போது விசைப்பலகை அமைப்பில் அமெரிக்க ஆங்கிலத்துக்குப் பதில் பிரிட்டன் ஆங்கிலத்தைத் தவறுதலாகத் தேர்ந்தெடுத்திருந்தேன். அடுத்த திரையிலேயே டிஸ்க் பாஸ்வேர்டு கேட்டது, நடுவில் ஓர் அட் குறியோடு கொடுத்தேன். புள்ளி புள்ளியாகத்தான் தெரியும் என்பதால் எதையும் கவனிக்கவில்லை. பிறகு மின்னஞ்சல் முகவரி தட்டும்போது அட் குறிக்குப் பதில் இரட்டை மேற்கோள் குறி வந்தது. அட, அமைப்பு தப்பு என்று அதற்கான கான்ஃபிக் (அமைப்பு) ஃபைலில் திருத்திவிட்டு மறந்தும் போனேன். பல வாரம் ஒரு பிரச்சினையும் இல்லை. ஒருநாள் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்கு அப்டேட் வந்தது, ரீஸ்டார்ட் செய்தேன். கறுப்புத் திரை, அதே கேள்வி, அதே பாஸ்வேர்டு. இந்தப் பாஸ்வேர்டுக்குப் பொருந்தும் சாவி இல்லை என்று பதில். மறுபடி தட்டினேன். கேப்ஸ் லாக்கைப் பார்த்தேன். ஒவ்வோர் எழுத்தாக, ஒரு விரலால் தட்டினேன். இல்லை.

கைகால் உதற ஆரம்பித்துவிட்டது. ஏதோ தோன்றி, கணினி தொடங்கும்போது வரும் க்ரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தேன். அதே பாஸ்வேர்டு. திறந்துகொண்டது!

நடந்தது இதுதான். டிஸ்க் திறக்கும் முன் பாஸ்வேர்டு கேட்கும் அந்தக் கறுப்புத் திரை, இனிட்ராம்எஃப்எஸ் என்ற சின்னத் தொகுப்பிலிருந்து ஓடுகிறது. விசைப்பலகை அமைப்பின் ஒரு நகல் அதற்குள் இருக்கும். நான் கான்ஃபிக் ஃபைலைத் திருத்தியபோது அந்த நகல் மாறவில்லை. புதிய கெர்னல் வந்து புதிய தொகுப்பு உருவானபோதுதான் மாறியது. நான் அட் குறி என்று நம்பித் தட்டியது முதல் நாளிலிருந்தே இரட்டை மேற்கோள் குறியாகத்தான் பதிவாகியிருந்தது. புதிய திரையில் அதே விசை முதல்முறையாக உண்மையான அட் குறியை அனுப்பியது, டிஸ்க் மறுத்துவிட்டது. விஷயம் புரிந்த பிறகு புதிய கெர்னலிலேயே மேற்கோள் குறியைத் தட்டினேன், திறந்தது.

அன்றிலிருந்து டிஸ்க் பாஸ்வேர்டில் சிறிய ஆங்கில எழுத்துகளும் இடைவெளியும் தவிர எதுவும் வைப்பதில்லை. குறிகளைச் சேர்த்துக் குட்டியாக வைப்பதைவிடத் தொடர்பில்லாத ஆறு சொற்கள் பலம், தட்டவும் சுலபம். பகடை உருட்டி 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுப்பது பழைய முறை. அப்படி எடுத்த ஆறு சொற்கள் ஏறத்தாழ 77 பிட் வலிமை தரும். மனதிலிருந்து நீங்களே பொறுக்கினால் அந்தக் கணக்கு செல்லாது. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் வைக்கலாமா என்று கேட்பீர்கள். வைக்கலாம், ழகரம் உள்ள சொல்லை மட்டும் தவிருங்கள். மழையை இசட் எச் போட்டு எழுதினோமா, எல் போட்டா என்று ஆறு மாதம் கழித்து அந்தக் கறுப்புத் திரை முன் யோசித்துக்கொண்டிருப்பீர்கள். தமிழ் எழுத்திலேயே வைப்பது வேண்டவே வேண்டாம், அந்தத் திரையில் தமிழ் விசைப்பலகை கிடைக்காது.

அப்புறம் ஹெடர். லக்ஸின் இரண்டாம் பதிப்பில் இது வழக்கமாக 16 எம்பி. ஒரு டெராபைட் டிஸ்க்கின் உயிர் அந்த 16 எம்பியில் இருக்கிறது. இன்னும் கூர்ந்து பார்த்தால், அந்த 64 பைட் சாவியை வேண்டுமென்றே 4,000 மடங்கு விரித்து, 2,56,000 பைட்டாகப் பரப்பி எழுதுகிறார்கள். பழைய பாஸ்வேர்டை நீக்கும்போது எங்காவது ஒரு துணுக்கு அழிந்தாலும் முழுசும் செத்துவிட வேண்டும் என்பது நோக்கம். நல்ல யோசனைதான். ஆனால் அந்த இடத்தில் ஒரு பேட் செக்டார் (டிஸ்க்கில் கெட்டுப்போன துண்டு) விழுந்தாலும் கதை அதேதான்.

வெளி ஹார்ட் டிஸ்க்கை லக்ஸில் பூட்டியவர்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. அதை விண்டோஸ் கணினியில் செருகினால், டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று ஒரு பெட்டி வரும். விண்டோஸுக்கு லக்ஸ் புரியாது, அது காலி டிஸ்க் என்று நினைத்துக் கேட்கிறது. வீட்டில் யாராவது சரி என்று அழுத்தினால் ஹெடர் போயிற்று.

அதனால் நிறுவிய அன்றே, லக்ஸைக் கையாளும் கருவியான கிரிப்ட்செட்டப்பில் உள்ள லக்ஸ்ஹெடர்பேக்கப் கட்டளையால் ஹெடரை ஒரு பென் டிரைவுக்கு நகல் எடுங்கள். அதே டிஸ்க்குக்குள் வைத்தால் பூட்டிய பீரோவுக்குள் சாவியை வைத்த கதை. இந்த நகலில் ஒரு சூட்சுமம் இருக்கிறது: எடுத்த நாளில் எந்தப் பாஸ்வேர்டு இருந்ததோ அது இந்த நகலில் என்றைக்கும் செல்லும். பாஸ்வேர்டு யாருக்கோ தெரிந்துவிட்டது என்று மாற்றினால், பழைய நகலையும் அழித்துவிட்டுப் புதிதாக எடுக்க வேண்டும்.

விண்டோஸ் பக்கம் இன்னொரு வகைத் தலைவலி. அங்கே பெரும்பாலும் தொடக்கத்தில் பாஸ்வேர்டே கேட்காது. கணினிக்குள் சாவியைக் காக்கும் டிபிஎம் சிப் சாவியைக் கொடுத்துவிடும். கணினி தொடங்கும் விதத்தில் ஏதாவது மாறியிருந்தால், தொடக்க மென்பொருளைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் வசதியை அணைத்தாலோ, கணினியைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மாறினாலோ, சிப் சாவியைக் கொடுக்க மறுத்து நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அக்காவின் லேப்டாப்பில் நான்தான் பயாஸை அப்டேட் செய்தேன். அதற்கு முன் பிட்லாக்கரில், காவலைத் தற்காலிகமாக நிறுத்தும் சஸ்பெண்ட் ப்ரொடெக்‌ஷன் கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை. 48 இலக்கமா, அப்படி ஒன்றை நான் வாங்கியதே இல்லையே என்றாள் அக்கா. லேப்டாப்பை முதன்முதலில் ஆன் செய்தபோது கொடுத்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது சேமித்திருந்தது. எந்தக் கணக்கு என்று கண்டுபிடிக்கத்தான் ஒரு மாலைப்பொழுது போனது. பல வருடமாகத் தொடாத ஒரு பழைய மின்னஞ்சல் முகவரி. கணக்கில் இரண்டு மூன்று கீ இருந்தால் குழம்ப வேண்டாம், திரையில் தெரியும் கீ ஐடியின் முதல் எட்டு எழுத்து எதோடு பொருந்துகிறதோ அதுதான் உங்களுடையது. ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும், அதனால் ஒரு தொகுதியில் ஓர் இலக்கம் தப்பினாலும் அங்கேயே பிடிபட்டுவிடும். அந்த எண்ணை இப்போது அக்கா காகிதத்தில் எழுதிச் சான்றிதழ்களோடு வைத்திருக்கிறாள். நீங்களும் இன்றே எழுதி வையுங்கள்.

மாட்டிக்கொண்ட நிலையில் இதைப் படிக்கிறீர்கள் என்றால், முதலில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பாஸ்வேர்டே கேட்காமல், இந்த யுயுஐடி (டிஸ்க்கின் அடையாள எண்) உள்ள டிஸ்க் இல்லை என்று சொல்லிவிட்டு ஒரு கட்டளைக் கோட்டில் விட்டால், பாஸ்வேர்டில் தப்பில்லை. டிஸ்க்கை மாற்றினாலோ பார்ட்டிஷனை (டிஸ்க்கின் பிரிவை) திரும்ப உருவாக்கினாலோ, எந்த டிஸ்க்கைத் திறக்க வேண்டும் என்று குறித்திருக்கும் கிரிப்ட்டேப் ஃபைலில் பழைய அடையாள எண் நின்றுவிடும். லைவ் யுஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் பென் டிரைவில்) தொடங்கி டிஸ்க்கைத் திறந்து, எண்ணைத் திருத்தி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதுப்பித்தால் சரியாகிவிடும். கேட்கிறது, ஆனால் மறுக்கிறது என்றால் முதல் சந்தேகம் விசைப்பலகை மேல்தான். லைவ் யுஎஸ்பியில் பாஸ்வேர்டை ஒரு வெற்று எடிட்டரில் தட்டிக் கண்ணால் பாருங்கள், பிறகு அங்கிருந்தே திறக்க முயலுங்கள். அங்கேயும் மறுத்தால் கிரிப்ட்செட்டப்பின் லக்ஸ்டம்ப் கட்டளையைக் கொடுத்து ஹெடர் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். நகல் இருந்தால் அதை டிஸ்க்கில் எழுத வேண்டியதில்லை. ஹெடரை வெளி ஃபைலிலிருந்து எடுத்துக்கொள் என்று சொல்லித் திறக்கவே வழி இருக்கிறது. முதலில் அப்படித் திறந்து பாருங்கள்.

பாஸ்வேர்டை ஏற்றுக்கொண்டு அதன்பின் நின்றால் என்கிரிப்ஷன் தன் வேலையை முடித்துவிட்டது, கோளாறு ஃபைல் சிஸ்டத்தில். அதைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே கருவியை ஓட்டலாம், ஆனால் திறந்த பிறகு மேப்பர் என்ற பெயரின் கீழ் வரும் டிவைஸ் மேல் மட்டும். பூட்டிய பார்ட்டிஷன் மேல் பழுதுபார்ப்புக் கருவி எதையும் ஏவாதீர்கள். அதற்கு அங்கே தெரிவது வெறும் குப்பை.

வேகம் குறையுமா என்று பலர் கேட்கிறார்கள். கடந்த பத்தாண்டில் வந்த பெரும்பாலான பிராசஸர்களில் ஏஇஎஸ் என்ற என்கிரிப்ஷன் கணக்குக்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு, தினசரி வேலையில் வித்தியாசம் தெரியாது. நான் அதிகம் கவலைப்படுவது மூடியை மூடித் தூங்கவிட்ட லேப்டாப்பைப் பற்றி. ஸ்லீப்பில் இருக்கும்போது சாவி மெமரியிலேயே கிடக்கும். மெமரி சிப்பைக் குளிரவைத்து, மின்சாரம் போன பிறகும் அதிலிருந்து சாவியை எடுக்க முடியும் என்று பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இலேயே காட்டினார்கள். சாதாரணத் திருடன் அவ்வளவு மெனக்கெட மாட்டான்தான். இருந்தாலும் பயணத்தில் நான் ஷட் டவுன் செய்துவிட்டுத்தான் பையில் வைப்பேன்.

பதிலைப் படித்துவிட்டும் திறக்கவில்லை என்றால், திரையில் வரும் வரியை அப்படியே கமென்டில் போடுங்கள், பார்க்கிறேன். அதுவரை எந்தப் பெட்டி ஃபார்மட் செய்யலாமா என்று கேட்டாலும் வேண்டாம் என்றே அழுத்துங்கள்.