16இல் இரண்டு பேர்

கேள்வி: எங்கள் கடைக் கணினியில் ஊபுண்டு லினக்ஸ் ஓடுகிறது. இடைக்கிடை "ஐஆர்க்யூ 16: நோபடி கேர்ட்" என்று ஒரு வரி வரும், அதோடு நெட்வேர்க் இழுபடத் தொடங்கிவிடும். நெட்வேர்க் கார்ட்டும் யூஎஸ்பியும் 16இல்தான் நிற்கின்றன. சிஸ்டத்தின் மையமான கேர்னல் ஆளுக்கொரு எண் கொடுக்காதா?
(வாசகர், பருத்தித்துறை)

பதில்: ஒரு சாதனம் "என்னைக் கவனி" என்று கணினியைத் தட்டிக் கூப்பிடுவதுதான் இன்டரப்ட்; அதன் எண்தான் ஐஆர்க்யூ. கேர்னலைப் பேசிப் பயனில்லை. கார்ட் செருகும் எந்த ஸ்லொட்டின் இன்டரப்ட் கம்பி எங்கே போய் முடிகிறது என்பது மதர்போர்ட் செய்யும்போதே தீர்ந்த காரியம். கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயோஸ் அந்த விவரத்தைக் கொடுக்கும். "16 அடித்தால் இன்ன டிரைவரைக் கூப்பிடு" என்று கேர்னல் பதிந்துவைக்கும், அவ்வளவுதான். டிரைவர் என்பது அந்தச் சாதனத்தை நடத்தும் மென்பொருள்.

1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் மொத்தமே 16 இன்டரப்ட் லைன். அதிலும் ஒன்று, லைன்களைக் கவனிக்கும் இரண்டு சிப்பையும் இணைக்கவே போய்விடும். சவுண்ட் கார்ட்டில் லைனைத் தெரிவுசெய்யும் ஜம்பரை 5இல் போடுவதா 7இல் போடுவதா என்று மண்டையை உடைத்தவர்களுக்கு அந்தத் தட்டுப்பாடு தெரியும். பின்னர் வந்த பிசிஐ என்ற கார்ட் செருகும் முறையில் ஒரு லைனைப் பலர் பங்கிடுவது விதிப்படியே சரி.

ஒரே படலைக்குள் இரண்டு குடும்பம் இருக்கிறது என்று வையுங்கோ. தட்டினால் இரண்டு வீட்டாரும் எட்டிப் பார்ப்பார்கள். இருவருமே "எங்களுக்கில்லை" என்று சொல்லியும் தட்டுவது நிற்காவிட்டால்? கேர்னல் கணக்கு வைத்திருக்கிறது: 100,000 இன்டரப்ட்டில் 99,900க்கு மேல் கேட்பாரில்லாமல் போனால் படலையைப் பூட்டிவிடும். நீங்கள் கண்ட "நோபடி கேர்ட்" (யாரும் கவனிக்கவில்லை) வரி அதுதான். பிறகு செக்கனுக்குப் பத்துத் தடவை மட்டும் தானாகப் போய் எட்டிப் பார்க்கும். உங்கள் நெட்வேர்க் ஒரேயடியாகச் சாகாமல் இழுபடுவது அதனால்தான்.

முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு கார்ட்டை வெளியே எடுங்கோ. உங்கள் ஊர் உப்புக்காற்றுக்கு அதன் பொன்னிறப் பற்கள் கறுத்திருக்கவும் கூடும். அழிறப்பரால் மெல்லத் தேய்த்து, வேறு ஸ்லொட்டில் போட்டுப் பாருங்கோ. ஸ்லொட் மாறினால் அநேகமாக லைனும் மாறும். பயோஸுக்குப் புதிய பதிப்பு இருந்தால் அதையும் ஏற்றலாம்.

"ஐஆர்க்யூபோல்" என்ற கேர்னல் தெரிவைப் போட்டுப் பார்க்கும்படி அந்த வரியே யோசனை சொல்லும். எனக்கு அது பிடிக்காது. டைமர் அடிக்கும்போதெல்லாம் எல்லா டிரைவரையும் எழுப்பி விசாரிக்கிற வேலை.

கார்ட் மாற்றத்தான் வேண்டுமென்றால், எம்எஸ்ஐ (மெசேஜ் சிக்னல்ட் இன்டரப்ட்) உள்ள பிசிஐ எக்ஸ்பிரஸ் கார்ட்டாகக் கேட்டு வாங்குங்கோ. அதற்கு இன்டரப்ட் கம்பியே தேவையில்லை. குறித்த ஒரு நினைவக முகவரியில் எழுதியே கூப்பிடும், தனி எண்ணும் கிடைக்கும். இன்டரப்ட் பட்டியலில் (/proc/interrupts கோப்பில்) கார்ட்டின் பெயர் நிற்கும் வரியில் எம்எஸ்ஐ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பெட்டியை மூடுங்கோ.